கேபினைத் தூக்கும் முன்

பதின்மூன்று வரி வரைக்கும் பென்சில் நன்றாகத்தான் ஓடியது. டயர் ஆறும் மாற்ற வேண்டும். பின் வில்பட்டையில் வலது பக்கம் இரண்டு தகடு முறிவு. தொட்டிப் பலகை முழுக்கக் கறையான், ஒரு துண்டுகூடத் தேறாது. டீசல் டேங்கின் உள்ளே துரு. முன் கண்ணாடிக்கு ரப்பர் பட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது, அளவு கொடுத்துச் செய்துதான் வாங்க வேண்டும். இப்படி வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன், பதினான்கு என்று எண் போட்டு, எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் மேலேயே இன்னும் நாலு வட்டம் போட்டு, தாள் கிழிகிற நிலைக்கு வந்ததும் நிறுத்தினான். மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் செங்கோடனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, சித்திரை மாதம், வேர்க்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவனை மிஞ்சச் சங்ககிரியில் ஆள் கிடையாது. கொட்டகை வாசலில் அவன் அக்கா தெய்வானை, பதினோரு வருஷமாக லாரியைப் போர்த்தியிருந்த தார்ப்பாயை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் உதறலுக்கும் பல்லி முட்டையும் அணில் சேர்த்துவைத்த பஞ்சும் கொட்டின. போன மாதம் கோயமுத்தூரிலிருந்து பழைய வண்டிப் பைத்தியங்கள் நாலு பேர் வந்து, இந்த மாதிரி வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஓட வைத்தால் எங்கள் ஊர்வலத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டாள். "ஒண்ணு ஓடோணும், இல்லீன்னா ஒடைக்கோணும். நடுவுல சும்மா நின்னுக்கிட்டே இருக்கறதுக்கு இதென்ன கோயல் குதிரையா?" என்று கேட்டு, மகளின் பழைய கல்லூரி நோட்டில் எழுதாத பக்கங்களாகப் பார்த்துக் கிழித்து அவன் கையில் திணித்தாள். அவள் புருஷன் அர்த்தநாரி ஓட்டிய லாரி அது. அவர் செத்ததும் அந்த லாரியில்தான்.

ஊரில் அதற்குத் தட்டமூஞ்சி என்று பெயர். மற்ற பழைய லாரிகளுக்கு முன்னால் மூக்கு நீண்டிருக்கும், எஞ்சின் அந்த மூக்குக்குள் இருக்கும், மூடியைத் திறந்தால் முடிந்தது. இதற்கு மூக்கே இல்லை. அணை கட்டுகிற காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டு வண்டி, டிரைவர் உட்காரும் கேபின் எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் கேபினைப் பின்பக்கத்திலிருந்து தூக்கி முன்னால் சாய்க்க வேண்டும், வேறு வழி கிடையாது. வேறு வழி கிடையாது என்பது முப்பது வருஷ மெக்கானிக்கான செங்கோடனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இந்த அரை மணி நேரமாக வேறு வழியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கேபினுக்குள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடி உண்டு, அதைக் கழற்றினால் எஞ்சின் தலை மட்டும் தெரியும், தலையைப் பார்த்து மற்றதை யூகித்து எழுதிவிட்டால் என்ன? கீழே படுத்துப் பார்த்தால் எண்ணெய்ச் சேம்பர் தெரியும், மேலே பாதி, கீழே பாதி, இரண்டையும் சேர்த்தால் முழுசு ஆகிவிடாதா? இல்லையென்றால் கேபினையே ஆணி ஆணியாகக் கழற்றி, கிரேன் வைத்து ஒரேயடியாகத் தூக்கி எடுத்துத் தரையில் வைத்துவிட்டால்? தரையில் இருக்கிற கேபின் யார்மேலும் விழாது. இது நல்ல யோசனையாகப் பட்டது, ஏன் கிரேன் என்று அக்கா கேட்கும்வரை. கேட்டால் என்ன சொல்வது? துருப்பிடித்திருக்கும், பாதுகாப்புக்கு, என்று சொல்லலாம். ஏன்டா, கேபினத் தாங்கறதுக்கு முட்டுக்கம்பிதான் இருக்குதல்ல என்பாள். முட்டுக்கம்பி என்ற சொல்லுக்கு வந்ததும் யோசனை வழுக்கி மறுபடியும் டயருக்கு ஓடியது. டயர் ஆறும் மாற்ற வேண்டும். அது முதல் வரியிலேயே இருக்கிறது.

பயம் அவனுக்கு வயிற்றில் வராது, பிடரியில்தான் வரும். தலைக்கு மேலே கனமாக எதுவும் இருந்தால் போதும், பிடரியில் யாரோ ஈரக் கையை வைத்ததுபோல் இருக்கும். அதனால் பட்டறையில் கேபின் தூக்குகிற வண்டி எது வந்தாலும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவான், இடம் மூன்று வண்டிக்குக் காலியாகக் கிடக்கும். கல்யாண மண்டபத்தில் சரவிளக்குக்குக் கீழே உட்கார மாட்டான். அதையெல்லாம்கூட யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆளுக்கு ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். இன்னொன்றைத்தான் அவன் மனைவி கண்டுபிடித்தாள். கேட்டைப் பூட்டியாச்சா என்று கேட்டால் அவன் பதில் சொல்வதில்லை, எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் அட்டையை எடுத்து வந்து எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணிக் காட்டுவான். ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா என்று அவள் கேலி செய்வாள். உதிர்வதற்கு என்ன இருக்கிறது, அந்த வார்த்தை வாய்க்கு வந்தால் அதன் பின்னாலேயே ஒரு சத்தமும் வருகிறது, அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பெரிய சத்தம் இல்லை. கொஞ்சம் அழுத்திக் கதவைச் சாத்துகிற அளவுதான். மச்சான் கத்தக்கூட இல்லை.

அன்றைக்கும் இதே நேரம். இதே கொட்டகை. அர்த்தநாரி மச்சான் கேபினுக்கு அடியில் செய்கிற வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தார். கேபினைச் சாய்த்ததும் அடியில் மடங்கிக் கிடக்கும் முட்டுக்கம்பி நிமிர்ந்து நிற்கும். அதன் மூட்டில் ஓட்டை, ஓட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பின்னு. பின்னைச் செருகினால்தான் கம்பி மடங்காது. வெளியே நிற்கிறவன் செருக வேண்டும், உள்ளே போகிறவர் குனிவதற்கு முன்னால் "பின்னு?" என்று கேட்பார், வெளியே நிற்கிறவன் "போட்டாச்சு" என்பான், அதற்குப் பிறகுதான் தலையை உள்ளே நுழைப்பார். பாதுகாப்புக்காக மச்சானே கொண்டுவந்த ஏற்பாடு. வண்டியில் வேலை இருக்கிற நாளில் இருபது முறை, வருஷக்கணக்காக. இருபது முறை கேட்டு இருபது முறை சொன்ன பிறகு, கோயில் மணி அடித்தால் கை தானாகக் கும்பிடுகிற மாதிரி, பின்னு என்ற சத்தம் கேட்டால் செங்கோடன் வாய் தானாகப் போட்டாச்சு என்றது. அன்றைக்குக் கேபினை இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்ததால் பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு நிமிஷம்தானே. கேபின் சாய்ந்தது, கம்பி நிமிர்ந்தது, சட்டைப்பைக்குக் கை போகப் போனது. போகப் போனதா? போனது என்றுதான் ஞாபகம். அதற்குள் ரோட்டில் பைக்கை நிறுத்திய சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டுக்கு வருகிறாயா என்று கத்தினார். திரும்பி, வர்றேனுங்க என்றான். அதே மூச்சில் முதுகுக்குப் பின்னால் மச்சான் பின்னு என்றார். அதே மூச்சில் போட்டாச்சு என்றான். இரண்டு பேருக்கும் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். நாலு நிமிஷம் கம்பி சும்மாவே நின்றது. நாலு நிமிஷமும் மச்சான் உள்ளே ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்பது எவ்வளவு யோசித்தும் வருவதில்லை, கெடா வெட்டு மட்டும் வருகிறது. பிறகு அவர் இறுகிப்போன ஒரு நட்டில் ஸ்பேனரை மாட்டி ஓங்கி இழுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை தேடியபோதுதான் விரலில் அது தட்டுப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா மகன் ஓடிவந்து எப்படியாச்சு என்று கேட்டார். பின்னு ஒடஞ்சிருச்சுங்கண்ணா என்றான். அது பயத்தில் வந்த பொய், அந்த ஒரு பொய்யை வேண்டுமானால் சாமி மன்னிக்கும் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். ஆனால் அதோடு நிறுத்தினானா? யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "மாத்துங்க மச்சான், மாத்துங்க மச்சான்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், கேக்கவேயில்ல." அந்த இரண்டாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது? அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னதுதான் அவனுக்குத் தன்னைப் பற்றிய பெரிய பயம். உள்ளுக்குள் இப்படி ஒருவன் தயாராக உட்கார்ந்திருந்தானா, இன்னும் உட்கார்ந்திருக்கிறானா? மூன்றாம் நாள் பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்தபோது, முங்கி எழுகிற சாக்கில் பின்னையும் தண்ணீருக்குள் விட்டான். மச்சானை வெளியே எடுத்த அன்றைக்குக் கேபினை அப்படியே கீழே இறக்கியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை. இன்றைக்குத் தூக்கினால் அந்த மூட்டும் அந்த ஓட்டையும் வெளிச்சத்துக்கு வரும். பின்னு ஒடிந்திருந்தால் பாதித் துண்டு ஓட்டையிலேயே சிக்கி நிற்க வேண்டும், ஓட்டையின் உதடு பிய்ந்திருக்க வேண்டும். இரண்டும் இருக்காது. சுத்தமான ஓட்டை. லாரிக்காரன் பெண்டாட்டிக்கு அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? துரு தின்றுவிட்டது என்று சொல்லலாம். துண்டு எங்கேயாவது தெறித்திருக்கும் என்று சொல்லலாம். அவள் நம்புவாள், அவன் சொன்னதையெல்லாம் நம்புகிறவள்தானே. அது நினைவுக்கு வந்ததும் பிடரி இன்னும் குளிர்ந்தது.

"எழுதியாச்சா?"

தெய்வானை பக்கத்தில் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை. தார்ப்பாய் நாலாக மடிந்து சுவரோரம் கிடந்தது.

"இன்னும் இருக்குதுங்க்கா."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "என்றா இது, டயரு, பலவை, கண்ணாடி... சுத்தியுஞ் சுத்தியும் எழுதீருக்கற. எஞ்சினப் பத்தி ஒரு எழுத்தக் காணோம்?"

"அதுக்குக் கேபினத் தூக்கோணும், தூக்கறதுக்குச் சங்கிலி பிளாக் ஒண்ணு வேணுமுங்க்கா. திங்கக்கெழமை கொண்டாறேன். கீல் எல்லாம் இறுகிப் போயிருக்கும்."

"ஒரு வாரமா நாந்தான் தெனமும் எண்ணெய் உட்டுக்கிட்டு இருக்கறேன், இறுகலெல்லாம் இல்ல. நீ ஊருக்குப் போயிருந்தப்ப நானும் அந்த மனுசனும் ரெண்டு பேருந்தான தூக்குவோம்? புடி அந்தப் பக்கம்."

"வேண்டாமுங்க்கா."

"ஏன்?"

ஏன் என்ற கேள்விக்கு அவனிடம் பதினோரு வருஷமாக ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதைத் தவிர மற்ற எதையும் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேபினின் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கி, ஒருத்தியைக் கல்லூரிக்கு அனுப்பிய உடம்பு. அவள் ஒரு பக்கம் கையைக் கொடுத்து, ம் என்றாள். கேபின் தனியாக ஒரு பெண்ணின் கையில் அசைவதைப் பார்த்ததும் அவன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான், விரும்பிக் கொடுத்தது அல்ல. கீல் கிறீச்சிட்டது. எலிப்புழுக்கையும் மண்ணும் முகத்தில் கொட்டின. வானம் சாய்கிற மாதிரி அந்தத் தட்டையான மூஞ்சி முன்னால் கவிழ, அடியிலிருந்து முட்டுக்கம்பி, நேற்றுத்தான் படுத்த ஆள்போல, எழுந்து நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று அவன் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய பின்னுகளைக் கொண்டுவந்திருந்தான், ஒன்றுக்கு மூன்றாக. முதல் பின்னு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. இரண்டாவது போனது. போனதா? தலையைச் சாய்த்துப் பார்த்தான். போயிருந்தது. தொட்டுப் பார்த்தான். அசைத்துப் பார்த்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, இல்லாததைப் பார்க்கவில்லையே என்று மறுபடியும் பார்த்தான். இன்னும் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுக்க வேண்டும், ஒரு கயிற்றை வாங்கி உத்தரத்தில் கட்ட வேண்டும், அதற்குப் பிறகும் யாரும் உள்ளே போகக் கூடாது என்று நினைத்துத் திரும்பினால், பக்கத்தில் நின்ற அக்காவைக் காணவில்லை.

அவள் உள்ளே இருந்தாள். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த கேபினின் அடியில், மச்சான் குனிந்த அதே இடத்தில் குனிந்திருந்தாள். செங்கோடன் இரண்டு கையையும் தூக்கிக் கேபினின் விளிம்பைத் தாங்கிக்கொண்டான். கால் டன் இரும்பு. விழுந்தால் அவன் கை என்ன செய்யும்? அது தெரிந்தேதான் தாங்கினான். பின்னு இருக்கிறது, பார்த்தேன், தொட்டேன், இருக்கிறது. அன்றைக்கும் இருக்கிறது என்றுதான் நினைத்தாய். இல்லை, அன்றைக்கு நினைக்கவேயில்லை, இன்றைக்கு நினைக்கிறேன். ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று போனது, கொட்டகை அதிர்ந்தது, அவன் கண்ணை இறுக்கி மூடினான். அக்கா வெளியே வா என்று கத்த வேண்டும், கத்தினால் அந்த அதிர்வில்கூட ஏதாவது ஆகிவிடும் என்று பட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை.

"எழுதிக்கடா," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது, சந்தைக்குச் சாமான் சொல்கிறவள் போல. "ஃபேன் பெல்ட்டு இல்ல. ஹோசு மூணும் போச்சு. எலி ஊடு கட்டி, குட்டியெல்லாம் போட்டு, பேரன் பேத்தி எடுத்திருக்குது."

"செரிங்க்கா."

வெளிச்சம் நகர்ந்து முட்டுக்கம்பிக்கு வந்தது. அடியிலிருந்து மேலே ஏறியது. மூட்டில் நின்றது. வந்துவிட்டது. பதினோரு வருஷமாக எந்த இடத்துக்கு வரக் கூடாது என்று நினைத்தானோ அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அவள் விரல் அந்த ஓட்டையைத் தடவுவது தெரிந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓட்டை எங்கே இருக்கிறது? அதில்தான் புதுப் பின்னு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறதே. அவள் பார்ப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. அவனே தன் கையால் அடைத்துவிட்டான். தப்பித்தாயிற்று. உடம்பு முழுவதும் ஒரு லேசு பரவி, சிரிப்புக்கூட வந்தது. இவ்வளவுதானா, இதற்கா பதினோரு வருஷம்?

"இத்துனூண்டு," என்றாள் தெய்வானை. பின்னின்மேல் விரலை வைத்தபடியே சொன்னாள். "ஒரு வெரல் தண்டி. இத மாத்தறதுக்கு அந்த மனுசனுக்கு எத்தன நேரம் ஆயிருக்கும்? கால் மணி நேரமா? நீ படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கல. எம்பட புள்ளைங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்திருந்தா மாத்தியிருப்பாரு. நெனைக்கல. நம்மள நெனைக்கவே இல்லைடா அவரு. தெவசத்துக்கு எல போடறப்பக்கூட எனக்கு அழுவாச்சி வர்றதில்ல, ஆத்தரந்தான் வருது."

சும்மா இருந்திருக்கலாம். பட்டியலில் பதினான்காவது வரியை எழுதிவிட்டு, வண்டியை ஓட வைத்து, கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது, இனிமேல் தெரியவும் வழி இல்லை. அந்த நினைப்பு முழுசாக முடிவதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அக்கா. மச்சான் மேல தப்பில்லீங்க்கா. பின்னு ஒடையவேயில்ல. நாந்தான் போடல. போட்டாச்சுன்னு வாயில சொல்லீட்டேன். அது எஞ் ஜோப்புலயே இருந்துச்சு."

வெளிச்சம் அசையவில்லை. இந்த நொடிக்கு அவன் எத்தனையோ விதமாகத் தயாராகியிருந்தான். மண்ணை வாரித் தூற்றுவாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு வெளியே வருவாள். என் வாசல்படி மிதிக்காதே என்பாள். எது வந்தாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேபினைப் பிடித்தபடியே நின்றான்.

"அப்ப அந்தப் பின்னு நல்லாத்தான் இருந்துச்சா?" குரல் தாழ்ந்து வந்தது.

"புதுசுங்க்கா. அந்த மாசந்தான் மாத்துனாரு. லேத்துப் பட்டறையில அவரே போயி நின்னு, கடஞ்சு வாங்கிட்டு வந்தாரு."

செல்போன் வெளிச்சம் தரையைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே இருட்டில் அவள் கை எஞ்சினின் மேல், எலி கடித்த ஹோசுகளுக்கு நடுவில், எதையோ தேடுகிற மாதிரி மெதுவாகப் போயிற்று.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள்.

செங்கோடன் வாய் திறக்கப் போய், அது தன்னை அல்ல என்று புரிந்து நிறுத்திக்கொண்டான்.

"ஏனுங்க, மாத்தீட்டீங்களா?" என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சுங்களே. உங்கள எத்தன பேச்சுப் பேசிப்போட்டேன்." பிறகு அழத் தொடங்கினாள், அன்றைக்குக் காலையில்தான் செத்தவருக்கு அழுவதைப் போல. தம்பி ஒருவன் வெளியே நிற்பது அவள் நினைவிலேயே இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தவன், திட்டவும் ஆள் இல்லாமல், இரண்டு கையாலும் கேபினைத் தாங்கிக்கொண்டு, ஒரு பெண் தன் புருஷனோடு பேசுவதைக் கேட்டபடி நின்றான்.